தொட்டால் நிற்கிற சத்தம்

இரும்புக் கடையில்தான் அவரை முதலில் பார்த்தேன். குளியலறைக் கதவுக்கு ஒரு கொக்கி வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா கைப்பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தார். கடைக்காரர் அலுத்துக்கொண்டே எடுத்துப் போட்ட பட்டை இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக நூலில் தொங்கவிட்டார். கரண்டியால் ஒரு தட்டு, தலையைச் சாய்த்து ஒரு கவனிப்பு, "ம்ஹூம்" என்று ஒரு ஒதுக்கல்.

"ஏங்க, தர்பூசணியா வாங்குறீங்க, இப்படித் தட்டித் தட்டிப் பாக்க?" என்றார் கடைக்காரர்.

"தர்பூசணியைத் தோலைப் பாத்தே சொல்லிடுவேன். இரும்பு வாயைத் திறந்தாத்தான் தெரியும்."

சட்டென்று என் பக்கம் திரும்பி, "தம்பி, கண்ணை மூடுங்க" என்றார். மூடாமல் இருக்கமுடியாத குரல். மூடினேன். டிங் என்றது ஒன்று. டிங் என்றது இன்னொன்று. "எது உசரம்?" என்றார். "ரெண்டாவது" என்றேன். "காது இருக்கு" என்று என் காதுக்குச் சான்று வழங்கிவிட்டு, இரண்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் கொக்கி வாங்க மறந்து வீடு திரும்பினேன்.

அடுத்த மாதம், பட்டம் வாங்கிய சூட்டோடு ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்தபோது பக்கத்து வகுப்பறையில் அதே குரல். நடுவில் ஒரு மெல்லிய தடுப்பு. இங்கே எழுதுவதெல்லாம் அந்தத் தடுப்பு வழியாகக் கேட்டதும், அவரும் அவர் வீட்டாரும் பிறகு சொன்னதும்தான். இனி இதில் எனக்கு வேலையில்லை.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் டொய்ங் டீச்சர். ஏழாம் வகுப்பின் முதல் நாள் உள்ளே வந்தால் வணக்கம் சொல்லக்கூட விடமாட்டார். மேசை விளிம்பில் ஸ்கேலைப் பாதி வெளியே நீட்டி, உள்முனையை அழுத்திப் பிடித்து, வெளிமுனையைச் சுண்டுவார். டொய்ங். கொஞ்சம் உள்ளே இழுத்துச் சுண்டுவார். டொய்ங் மெலிந்து டிய்ங் ஆகும். "என்ன இது?" என்பார். முன்வரிசை எழுந்து நின்று புத்தகத்தில் உள்ளதை ஒப்பிக்கும். "பேரு சொன்னது போதும். அது எங்க இருக்குன்னு தொட்டுக் காட்டு."

அதுதான் அவர் வகுப்பின் சட்டம். ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று வாயால் சொல்லக்கூடாது. அந்தப் பொருளைத் தொட வேண்டும். தொட்ட விரல் சிலிர்க்க வேண்டும், சத்தம் நிற்க வேண்டும். நின்றால்தான் அது அங்கிருந்து வந்த சத்தம். நிற்காவிட்டால் நீ சொன்னது ஊகம், போய்த் தேடு.

இந்தச் சட்டத்தால் பள்ளி பட்ட பாடு கொஞ்சமல்ல. பணியாளர் மணியடித்துக் கையை எடுப்பதற்குள் நாலைந்து விரல்கள் மணியில் ஒட்டியிருக்கும். டங் என்று தொடங்கிய மணி க் என்று செத்துப்போகும். "உங்க பசங்களை அடக்கலைன்னா இன்னைக்குப் பள்ளிக்கூடமே விடாது டீச்சர்" என்று அவர் வந்து முறையிடுவார். ஒருத்தன் பக்கத்துப் பையனின் தொண்டையில் கைவைத்துப் பேசச் சொல்லிவிட்டு, "அதிருது டீச்சர், ஆனா தொட்டாலும் இவன் நிறுத்த மாட்டேங்கிறான்" என்றான்.

"அதுக்கு அவங்க அம்மாதான் வரணும். அறிவியலால முடியாது" என்றார் டீச்சர்.

சிரிப்பெல்லாம் மேலோட்டம். உள்ளே அவருக்கு ஒரு கோபம் உண்டு. அது நேற்று முளைத்த கோபம் அல்ல.

அவர் படித்த பள்ளியில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது, அதற்கு ஒரு பூட்டும் இருந்தது. உள்ளே ஒரு இசைக்கவை: சிறு கவட்டை மாதிரி ஒரு எஃகுத் துண்டு, தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிப்பது. பள்ளிக்காலம் முழுக்க அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "ஒலி அதிர்வினால் உண்டாகிறது" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினார். மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். கல்லூரிக்குப் போன பிறகுதான் ஒருநாள் ஒரு இசைக்கவையை அவர் கையில் கொடுத்தார்கள். சொன்னபடி முழங்காலில் தட்டிக் காதருகே வைத்தார். பிறகு யாரும் சொல்லாமலே உதட்டில் வைத்தார். உதடு முழுக்க எறும்பு ஊர்ந்தது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு அழுகை பொங்கியது. வியப்பினால் அல்ல, ஆத்திரத்தினால். இது அங்கேயே இருந்ததே! ஒரு சாவியைத் திருப்பினால் கைக்கு வந்திருக்குமே! பூட்டி வைத்துக்கொண்டு, அதைப் பற்றிக் கேள்வியும் கேட்டு, மதிப்பெண் வேறு போட்டார்களே!

"எதுக்குப் போட்டீங்க?" என்று இப்போதும் கேட்பார், போட்டவர் எதிரே நிற்கிற மாதிரி. "நான் அதைத் தொட்டேனா? ஒரு தடவை கேட்டேனா? பொய் எழுதினதுக்கா முழு மார்க்கு?"

ஆகவே அவர் வகுப்பில் எதற்கும் பூட்டு கிடையாது. வாங்கித் தர ஆளில்லாததால் எல்லாம் செய்துகொள்வதுதான். பால் பவுடர் டப்பாவின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டினால் முரசு. உறிஞ்சுகுழலின் ஒரு முனையைத் தட்டையாக்கி, இரண்டு பக்கமும் சீவிவிட்டு ஊதினால் வாத்து. ஊதிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டே வந்தால் வாத்து இளைத்து இளைத்துக் குஞ்சாகிவிடும். நீளம் குறைந்தால் சுருதி ஏறும் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு எழுதிப் போடத் தேவையில்லை. அவர்கள் கண்ணெதிரே அது துண்டு துண்டாகத் தரையில் விழுந்து கிடக்கும்.

டீச்சரின் கணவர் ஜன்னல் கிரில் செய்யும் வெல்டர். வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். அறுத்து விழும் மிச்ச இரும்புக்கெல்லாம் டீச்சர்தான் வாரிசு. அங்கே கிடைக்காத அகலத்துக்குத்தான் இரும்புக் கடை. மற்றபடி வீட்டுப் பொருள்களும் ஒவ்வொன்றாகப் பள்ளியில் சேர்ந்துகொண்டிருந்தன. மாமியாருக்கு அது தீராத வழக்கு.

"இந்த வீட்ல எந்தப் பாத்திரத்துக்காவது மூடி இருக்கா? கேட்டா, அது பள்ளிக்கூடத்துல பாட்டுப் பாடுதாம்."

"அந்த மூடிக்கு நல்ல குரல் அத்தை."

"எனக்கும் நல்ல குரல்தான். என்னையும் கயித்துல கட்டித் தூக்கிட்டுப் போயேன்."

"உங்களைத் தொட்டா நிக்காதே அத்தை!"

பட்டறையில் வெல்டிங் முகமூடிக்குள்ளிருந்து வெல்டரின் சிரிப்பு, டப்பாவில் உருட்டிய கூழாங்கல் மாதிரி கேட்கும். "நீ சிரிடா, சிரி. நாளைக்கு உன் முகமூடியும் போகும் பாரு" என்பார் அந்த அம்மா.

அந்த வருடம் ஏழாம் வகுப்பு, எட்டு இரும்புப் பட்டைகள் கொண்ட ஒரு கருவி செய்வதென்று தீர்மானித்தது. முதல் பட்டை கீழ்ச்சுரம், எட்டாவது பட்டை அதே சுரம் ஒரு படி, அதாவது ஒரு ஸ்தாயி, மேலே, நடுவில் மற்ற ஆறு. கம்பியைப் பாதியாக்கினால் அதே சுரம் ஒரு படி ஏறும், ஊதும் குழலைப் பாதியாக்கினாலும் அப்படியே. அதையெல்லாம் பிள்ளைகள் செய்து பார்த்தாயிற்று. ஆகவே எட்டாவது பட்டை முதல் பட்டையில் பாதி நீளம் என்று டீச்சர் பலகையில் பெரிதாகப் படம் போட்டார். வெல்டர் அறுத்துக் கொடுத்தார். தட்டினார்கள். பட்டை கிறீச்சென்று எங்கோ உச்சாணிக்கு ஏறிப் போய் நின்றது.

வகுப்பு டீச்சரைப் பார்த்தது. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். எதையும் குறுக்குக் கேள்வி கேட்காமல் விடமாட்டாள் என்பதால் வகுப்பே அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடும்.

"டீச்சர், நீங்க சொன்ன சுரம் வரல."

"வருதேம்மா, கொஞ்சம் கூட ஏறியிருக்கு..."

"கொஞ்சம் இல்ல டீச்சர். ரெண்டு படி ஏறிடுச்சு."

டீச்சர் மறுபடி தட்டிக் கேட்டார். ரெண்டு படிதான். கல்லூரியில் படித்த பட்டைக் கணக்கு தாமதமாக ஞாபகம் வந்தது: அது கம்பி மாதிரி நடந்துகொள்ளாது. துடைப்பானை எடுத்துப் பலகையில் இருந்ததை முழுக்க அழித்தார். "பட்டை சொல்றதுதான் சரி. டீச்சர் தப்பு. வாங்க, அறுத்து அறுத்துப் பாப்போம்" என்றார். அறுத்தார்கள். அரத்தால் ராவினார்கள். முனையை ராவினால் சுருதி ஏறும், நடுவயிற்றை ராவினால் இறங்கும் என்று கை கறுக்கக் கறுக்கக் கண்டுபிடித்தார்கள். கடைசியில் எட்டாவது பட்டை, முதல் பட்டையில் பத்துக்கு ஏழு பங்கு நீளத்தில் வந்து உட்கார்ந்தது. புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் அது இல்லை. வெல்டரின் மிச்ச இரும்புக் குவியல் பாதியாகியிருந்தது.

அடுத்த சிக்கல், பட்டைகளை எதன்மேல் வைப்பது. மேசையில் வைத்தால் டொக். நடுவில் பிடித்தால் டொக். டீச்சர் ஒரு பட்டையை ரப்பர் துண்டுகள்மேல் வைத்து, பொடி உப்பைத் தூவி, நடுவில் தட்டச் சொன்னார். உப்பு துள்ளியது, ஓடியது, கடைசியில் இரண்டு கோடுகளாகத் திரண்டு நின்றது. ஒவ்வொரு முனையிலிருந்தும் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில்.

"உப்பு ஏன் அங்க போச்சு?"

"அங்கதான் டீச்சர் உதை வாங்காம இருக்கலாம்" என்றான் ஒரு பையன், அனுபவசாலி மாதிரி.

"அதேதான். பட்டை முழுக்க ஆடுது, அந்த ரெண்டு இடம் மட்டும் ஆடல. தாங்கிப் பிடிக்கணும்னா அங்க பிடிக்கணும். வேற எங்க பிடிச்சாலும் அது வாயைப் பொத்துறோம்."

தாங்கிப் பிடிக்கப் பழைய ரப்பர் செருப்பைவிடத் தோதான பொருள் உலகத்தில் இல்லை. பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு பழைய செருப்பு கொண்டுவந்தார்கள். ஒருத்தன் புதுசையே அறுத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு வீடு போனான். அறுத்த ரப்பரை இரண்டு சாய்ந்த வரிசையாகப் பலகையில் ஒட்டி, பட்டைகளைச் சும்மா மேலே கிடத்தினார்கள். அன்று தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த கணக்கு வகுப்பு பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது.

பெற்றோர் நாள் வந்தது. ஏழாம் வகுப்பு அந்தக் கருவியை மேடையில் வாசிக்கும் என்று முடிவாகியிருந்தது. டீச்சருக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை. தாங்களே அறுத்து, தாங்களே ராவி, தாங்களே கேட்டுத் திருத்திய சத்தத்தைப் பிள்ளைகள் தங்கள் அப்பா அம்மா முன்னால் எழுப்ப வேண்டும். அது போதும்.

பள்ளித் தாளாளரைக் கெட்டவர் என்று சொல்லமுடியாது. கெட்டவராக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, எதிர்த்துச் சண்டை போடலாம். அவருக்கு எல்லாம் பளபளப்பாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். விழாவுக்கு முந்தின நாள் மாலை வந்து கருவியைச் சுற்றிப் பார்த்தார்.

"இது என்ன டீச்சர், கீழ?"

"செருப்பு ரப்பர் சார்."

"செருப்பா! மேடையிலயா! வர்றவங்க என்ன நினைப்பாங்க? கவலைய விடுங்க, நம்ம மேடை அலங்காரக்காரர்கிட்ட சொல்லி எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்."

சரி பண்ணிவிட்டார்கள். மறுநாள் காலை டீச்சர் மேடைக்குப் போனபோது எட்டுப் பட்டைகளும் தங்க வண்ணத்தில் தகதகவென்று இருந்தன. செருப்பு ரப்பரைச் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டிருந்தார்கள். பட்டைகள் நகராமல், கோணாமல், அணிவகுப்பு மாதிரி நேராக நிற்பதற்காக ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் துளைபோட்டு, பலகையோடு சேர்த்துத் திருகாணியால் முறுக்கியிருந்தார்கள். எங்கே அதிகமாக ஆடவேண்டுமோ, தேடிப் பிடித்த மாதிரி அங்கேயே!

டீச்சர் முதல் பட்டையைத் தட்டினார். டொக். இரண்டாவதைத் தட்டினார். டொக். எட்டும் டொக். கதவைத் தட்டினாலாவது யாராவது திறப்பார்கள்.

தாளாளரும் தலைமையாசிரியரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா டீச்சர்? பிள்ளைங்க செஞ்சதுன்னா இப்படித்தான். நல்லவேளை, நான் முன்யோசனையா ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றார் தாளாளர்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா பாடிக்கிட்டிருந்தது சார். ஆணியைக் கழட்டினாப் போதும். அரை மணி நேரம் குடுங்க, நானே கழட்டறேன்."

"கழட்டினா பெயின்ட் போயிடும். வேணாம். பதிவு பண்ண இசை இருக்கு, ஸ்பீக்கர்ல போட்டுடுவாங்க. பிள்ளைங்க அடிக்கிற மாதிரி கையை ஆட்டினாப் போதும். யாருக்குத் தெரியப் போகுது?"

"பிள்ளைங்களுக்குத் தெரியும் சார்!"

"சின்னப் பிள்ளைங்கதானே..."

"சின்னப் பிள்ளைங்கதான் சார். அதனாலதான் சொல்றேன். வருஷம் பூரா காதை நம்பு, கையை நம்புன்னு சொல்லிட்டு, இன்னைக்குப் போய் ஏமாத்துன்னு எந்த வாயால சொல்வேன்? வாசிக்கத் தெரியாத பிள்ளைங்கன்னாகூட நடிக்கச் சொல்லலாம். இதுங்களுக்கு வாசிக்கத் தெரியும் சார். வாயில ஆணி அடிச்சது நாம!"

"உங்க கோபத்தை வீட்ல வச்சுக்குங்க டீச்சர்" என்று தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்துவிட்டார். தலைமையாசிரியர் மட்டும் நின்று, "விடுங்க டீச்சர், பத்து நிமிஷ விஷயம்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் விடுங்க டீச்சர்தான். கூரை இடிந்து விழுந்தாலும் அதைத்தான் சொல்வார். டீச்சர் வீட்டுக்குப் போய், பட்டறையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். பிறகு எப்போதாவது மேடை காலியாகும் என்று காத்திருந்தார். ஆகவில்லை. அலங்காரக்காரர் வண்ணம் காய்கிறதா என்று காவல் உட்கார்ந்திருந்தார்.

மதியம் வகுப்பில் பிள்ளைகளுக்கு விஷயத்தைச் சொல்லவேண்டும். டீச்சருக்கு வாய் வரவில்லை. கூட வந்த தலைமையாசிரியரே சொன்னார்: "பாட்டு தானா வரும். நீங்க அடிக்கிற மாதிரி கையை ஆட்டினாப் போதும்."

வக்கீல் எழுந்தாள். "பாட்டு பட்டைலேருந்தா சார் வரும்?"

"அப்படித்தான்னு வச்சுக்கோயேன்."

"அப்ப தொட்டா நிக்குமா சார்?"

"எல்லாம் நிக்கும். உக்காரு" என்றார் தலைமையாசிரியர், பாதி கேட்டும் பாதி கேட்காமலும். டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிற்காது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கூடம் நிரம்பியிருந்தது. வெல்டர் சலவைச் சட்டையோடு முன்வரிசையில் இருந்தார், பக்கத்தில் அவர் அம்மா. தாளாளர் பேசினார். எங்கள் பள்ளியில் கற்பதென்றால் செய்து கற்பது என்றார். இது பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்த கருவி, தங்கள் கையாலேயே எழுப்பும் இசை என்றார். கைதட்டல். டீச்சர் சுவரோரம் நின்றபடி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். அந்த மேடையும் அந்தக் கைதட்டலும் அவருக்குப் புதிதல்ல.

எட்டுப் பிள்ளைகள் பட்டைகளுக்குப் பின்னால் நின்றார்கள். இசை தொடங்கியது. என்ன இசை! குழல் என்ன, வயலின் என்ன, ஊரே திரண்டு வாசிப்பது மாதிரி முழக்கம் என்ன! எட்டு இரும்புப் பட்டைகளிலிருந்து வயலின் வருகிறது என்று நம்புகிறவன் காதை எங்கே வைத்திருப்பான்? எட்டுக் கைகள் சுத்தியலைத் தூக்கின. வக்கீல் மட்டும் ஒரு தரம் அடித்துவிட்டு, வகுப்பில் செய்கிற வழக்கப்படி, பட்டைமேல் விரலை வைத்தாள். காத்திருந்தாள். இரண்டு கையையும் வைத்தாள். பக்கத்துப் பையனைப் பார்த்தாள். அவனும் வைத்தான். வரிசையாக எல்லோரும் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுப் பட்டைகளை அழுத்திப் பிடித்தார்கள். இசை அது பாட்டுக்கு முழங்கியது.

அழகுக்காகப் பட்டைகளுக்கு முன்னால் ஒரு மைக் வைத்திருந்தார்கள். அதை அணைத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"டீச்சர், தொட்டுட்டோம்! நிக்கல!"

கூடம் முழுக்கக் கேட்டது. வக்கீல் மேடையோரம் போனாள். திரையைத் தொட்டாள், தலையை ஆட்டினாள். பலகையைத் தொட்டாள், ம்ஹூம். பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு நின்ற ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையைப் பதித்தாள். முகம் மலர்ந்தது.

"டீச்சர்! இங்கதான் அதிருது!"

முதலில் ஒரு அப்பா சிரித்தார். பிறகு அடக்கமுடியாமல் ஒரு வரிசை சிரித்தது. ஸ்பீக்கர்காரர் பதறிப்போய் நிறுத்தினார். சிரிப்பும் நின்றது. அந்த அமைதியில் தாளாளரின் நாற்காலி ஒரு தரம் முனகியது.

டீச்சர் கைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். தாளாளர் படியருகே வந்து, உதடு அசையாமல், "டீச்சர், கீழ இறங்குங்க" என்றார்.

"வேலையா இருக்கேன் சார்."

"கீழ இறங்குங்கன்னு சொல்றேன்."

"கழட்டட்டும் சார், நாங்க இருக்கோம்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "என் பையன் ஒத்தச் செருப்போட வீடு வந்தது எதுக்குன்னு எனக்கும் தெரியணும்" என்றது இன்னொன்று.

வெல்டர் எழுந்து வந்தார். எங்கே போனாலும் சட்டைப் பையில் ஒரு திருப்புளி வைத்திருக்கும் ஆள். கணவனும் மனைவியும் மேடையில் குத்தவைத்து, ஆளுக்கொரு பக்கமாகத் திருகாணிகளைக் கழற்றினார்கள். "இப்படியா முறுக்குவான், தண்ணித் தொட்டிய அடைக்கிற மாதிரி" என்று வெல்டர் முணுமுணுத்தது மைக்கில் கேட்டது. பட்டைகள் விடுபட்டன. ஆனால் கிடத்துவதற்கு ரப்பர் இல்லை.

மாமியார் முன்வரிசையில் குனிந்து, இரண்டு செருப்பையும் கழற்றி மேடையில் வைத்தார். "இந்தா, இதையும் எடுத்துக்கோ. வீட்ல எதை விட்டுவச்ச, இதை விட?"

பின்னாலேயே செருப்புகள் வந்தன. கைமாறிக் கைமாறி, நீலம், சிவப்பு, தேய்ந்தது, புதிது. தங்கத் துணி விரித்த மேடையில், விருந்தினர் எதிரே, பிள்ளைகள் செருப்புகளை இரண்டு சாய்ந்த வரிசையாக அடுக்கினார்கள். அளவு கேட்டு யாரும் டீச்சரைப் பார்க்கவில்லை. உப்பு நின்ற இடம் அவர்கள் கைக்கே தெரியும்.

ஒரு பையன் முதல் பட்டையைத் தட்டினான். அது பாடியது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்த வக்கீல் நின்று, மைக்கிடம் போனாள்.

"மூணாவதும் ஆறாவதும் சுருதி ஏறியிருக்கு. அது ரெண்டுல மட்டும் முனையில ஓட்டையைப் பெருசாப் போட்டதால எடை ரொம்பக் குறைஞ்சு போச்சு. அது எங்க தப்பு இல்ல. மத்தது சரியா இருக்கும்."

வாசித்தார்கள். சின்ன மெட்டு. நடுவில் ஒருத்தி தவறவிட்டு, திரும்பப் பிடித்துக்கொண்டாள். சத்தம் சிறியதாக இருந்ததால் பெரியவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டார்கள். மூன்றாவதும் ஆறாவதும் வரும்போதெல்லாம் பிள்ளைகள் எட்டுப் பேரும் ஒன்றாக முகம் சுளித்தார்கள். முடிந்ததும் எட்டு விரல்களைப் பட்டைகள்மேல் வைத்தார்கள். நின்றது.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாக மாமியார் சொல்கிறார். "கண்ணுல இரும்புத்தூள் அத்தை" என்று டீச்சர் மறுக்கிறார்.

அடுத்த வாரம் தாளாளர் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்கச் சொன்னார். எதற்கு என்று டீச்சர் கேட்டார். பள்ளியின் மானத்தை வாங்கியதற்கு என்றார். "மானத்துல ஆணி அடிச்சது நான் இல்ல சார்" என்றார் டீச்சர். ஏழாம் வகுப்பு அறிவியல் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அதற்குப் பதில் காலையும் மாலையும் வாசலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு தரப்பட்டது. இயற்பியல் படித்த ஒரு பெண்ணை, பிள்ளைகளின் காதைத் திறந்துவிட்ட ஒரு ஆசிரியரை, வெயிலில் நிறுத்தி வண்டிகளுக்குக் கை காட்டச் சொன்னார்கள். தலைமையாசிரியர் வழக்கம்போல விடுங்க டீச்சர் என்றார். டீச்சர் இந்த முறை விட்டுவிட்டார், வேலையையே. அந்த வருட முடிவில்.

எட்டுப் பட்டைகளும் அந்தப் பள்ளியில்தான் இருக்கின்றன. மறுபடி தங்க வண்ணம் அடித்து, மறுபடி முனைகளில் முறுக்கி, வரவேற்பறையில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருக்கிறார்கள். "மாணவர் படைப்பு" என்று கீழே ஒரு அட்டை. அலமாரி பூட்டியிருக்கிறது. புதிதாகச் சேர வருகிற பிள்ளைகளுக்கு அதைக் காட்டுகிறார்கள்.

டொய்ங் டீச்சர் இப்போது இரண்டு பேருந்து மாறி, சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னாலுள்ள ஒரு சிறிய பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறார். சம்பளம் முன்பைவிடக் குறைவு. அறிவியல் அறை கிடையாது. மரத்தடியில் ஒரு நீள மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மேசையில் இந்த மாதம் பிள்ளைகள் புதிய பட்டைகளை ராவிக்கொண்டிருக்கிறார்கள்.